தாலிமும் களரியும்: நெய்யாற்றின்கரை எல்லையில் ஒரு கடன்சொல் ஆய்வு

1. முன்னுரை

கற்பித்தலைக் குறிக்கும் 'தஅலீம்' என்னும் அரபுச் சொல் மேற்கே துருக்கி முதல் கிழக்கே இந்தோனேசியா வரை பல மொழிகளில் வழங்குகிறது. இந்திய மொழிகள் பலவற்றில் அது 'தாலிம்' என்னும் வடிவம் பெற்றுள்ளது. உருதுவில் அது கல்விக்குரிய பொதுச்சொல். மராத்தியிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அது வேறு பொருள்களில் நிலைபெற்றுள்ளது. ஆனால் தமிழிலும் மலையாளத்திலும் அச்சொல் பொதுவழக்கில் வேரூன்றவில்லை. அரபு நாடுகளோடு நெடுங்காலக் கடல்வணிகத் தொடர்பு கொண்டவை இவ்விரு மொழிகளும். கரையோரத்தில் பழமையான இசுலாமியச் சமுதாயங்களைக் கொண்டவையும் இவையே. இத்தகைய மொழிகளில் வேரூன்றாத ஒரு சொல் தக்காணத்தின் உள்நாட்டு மொழிகளில் வேரூன்றியது விளக்கம் வேண்டும் செய்தியாகும்.

கடன்சொற்களை ஆராயும் தமிழ் நூல்களும் அகராதிகளும் பெரும்பாலும் மூலமொழியின் பெயரையும் வேரையும் சுட்டி அமைகின்றன. 'அரபுச் சொல்' என்ற குறிப்புடன் ஆய்வு முடிந்துவிட்டதாகக் கருதும் போக்கு இதன் விளைவு. இப்போக்கில் இரு குறைகள் உள்ளன. ஒன்று, அச்சொல் எவ்வழியாக வந்தது என்பது மறைந்துவிடுகிறது. மற்றொன்று, வராத சொல் ஆய்வுக்கு உட்படுவதே இல்லை. கடன்சொல்லின் பொருளை முடிவு செய்பவை வேர் அன்று. அது வந்த வழியும், அது வந்தபோது பெறுமொழியின் பொருட்புலத்தில் காலியாக இருந்த இடமுமே என்பதை 'தாலிம்' என்னும் சொல்லைக் கொண்டு நிறுவுவதும், அச்சொல்லைத் தமிழாக்கியோர் செய்த பிழை ஒன்றைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இதற்கு நெய்யாற்றின்கரை, பாறசாலை எல்லைப்பகுதி களமாகக் கொள்ளப்படுகிறது. திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பெருவழியில் நெய்யாற்றின்கரையையும் பாறசாலையையும் கடந்தால் களியக்காவிளையில் தமிழக எல்லை தொடங்குகிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் மாநிலங்கள் மொழிவழித் திருத்தியமைக்கப்பட்டபோது அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசு நெய்யாற்றின்கரையையும் கோரியபோதிலும் அவ்வட்டம் கேரளத்திலேயே நின்றது. அதுவரை ஒரே ஆட்சியின் கீழ், ஒரே கல்வித்துறையின் கீழ் இருந்த அண்டை ஊர்கள் அந்நாள் முதல் இருவேறு ஆட்சிமொழிகளின் கீழ் வந்தன. சொற்களின் வழியையும் இடத்தையும் ஒப்பிட்டு நோக்க இதனினும் ஏற்ற களம் அரிது.

2. வேரும் பிறவினையும்

'ஐன், லாம், மீம்' என்னும் மூன்று மெய்கள் சேர்ந்த அரபு வேர் அறிதலைக் குறிப்பது. 'இல்ம்' என்பது அறிவு, 'ஆலிம்' அறிந்தவர், 'மஅலூம்' அறியப்பட்டது. இவ்வேரின் நடுமெய்யை இரட்டித்தால் 'அல்லம' என்னும் வினை பிறக்கும். 'அறியச் செய்தான்' என்பது அதன் பொருள். அவ்வினையின் தொழிற்பெயரே 'தஅலீம்'. அதனைச் செய்பவர் 'முஅல்லிம்'.

மெய்யை இரட்டித்துப் பிறவினை ஆக்கும் முறை தமிழர்க்குப் புதியதன்று. 'ஆடு' என்பது 'ஆட்டு' என்றும், 'ஓடு' என்பது 'ஓட்டு' என்றும் ஆகும் முறையை இதனோடு ஒப்பிடலாம். இது முறையின் ஒப்புமையே அன்றி மொழிகளின் உறவு அன்று. எனினும் பொருளைத் தெளிவுபடுத்த இவ்வொப்புமை உதவும். 'தஅலீம்' பிறவினைப் பொருளுடையது. கற்பிப்பவரின் செயலைச் சுட்டுவது. 'கல்' என்னும் அடியிலிருந்து பிறந்த 'கல்வி' கற்பவரின் செயலைச் சுட்டுவது. 'தஅலீம்' என்பதற்கு நேரான தமிழ் 'கற்பித்தல்' என்பதே. 'தாலிம் என்றால் கல்வி' என்று எழுதும்போது பார்வை ஆசிரியரிடமிருந்து மாணவரிடம் இடம்பெயர்ந்துவிடுகிறது. மலையாளம் கல்வியைக் குறிக்க வழங்கும் 'வித்யாப்யாசம்' என்னும் வடசொல்லோ அறிவையும் பயிற்சியையும் ஒருங்கே சுட்டுவது. மூன்று சொற்களும் ஒரே செயலை மூன்று பக்கங்களிலிருந்து நோக்குகின்றன. இவ்வேறுபாடு பின்னர் வரும் மொழிபெயர்ப்புச் சிக்கலுக்கு அடிப்படை ஆகும்.

3. நிலவழி: ஏட்டிலிருந்து உடலுக்கு

பாரசீகத்திற்குச் சென்ற 'தஅலீம்' அங்கே கற்பித்தலையும் பயிற்றுவித்தலையும் குறித்தது. துருக்கியில் அச்சொல் இரண்டாகப் பிரிந்தது. படைவீரர்க்கு அளிக்கப்படும் அணிவகுப்புப் பயிற்சி ஒரு பொருள். கற்பித்தல் மற்றொரு பொருள். 1926இல் அமைக்கப்பட்ட துருக்கியக் கல்வி வாரியத்தின் பெயரில் 'தாலிம்' இன்றும் நிற்கிறது. மொழிச் சீர்திருத்தத்தின்பின் ஆசிரியரைக் குறித்த 'முஅல்லிம்' வழக்கிழந்து துருக்கிச் சொல் அவ்விடத்தைப் பெற்றபோதும், பயிற்சியைக் குறிக்கும் 'தாலிம்' நிலைத்தது.

இந்தியாவில் அச்சொல் பாரசீகத்தின் வழியாகவே பரவியது. அரபின் 'ஐன்' என்னும் மிடற்றொலி வழியில் கெட்டு, அதற்கு ஈடாக முன்னுயிர் நீண்டு 'தாலிம்' ஆயிற்று. உருதுவில் அது கல்வியைக் குறிக்கும் பொதுச்சொல்லாக நின்றது. இந்துசுத்தானி இசையுலகில் அது உசுத்தாதிடம் நேரில் பெறும் பயிற்சியைக் குறித்தது. கருநாடக இசைமரபில் 'பாடாந்தரம்' என்னும் சொல் தரும் பொருளுக்கு அது அண்மையது. வங்காளத்தில் அது பயிற்சி. மராத்தியில் அது உடற்பயிற்சியையும் மற்போர்ப் பயிற்சிக்கூடத்தையும் ஒத்திகையையும் குறிக்கும். புனேயிலும் கோலாப்பூரிலும் 'தாலிம்' என்றால் மல்லர்கள் மண்ணில் உருளும் கூடம். கன்னடத்தில் 'தாலீமு' என்பது நாடக ஒத்திகையையும் பயிற்சியையும் குறிக்க, தெலுங்கில் 'தாலிம்கானா' உடற்பயிற்சிக்கூடம் ஆயிற்று.

இப்பரவலில் ஓர் ஒழுங்கு தென்படுகிறது. பாரசீகக் கல்வி மரபைத் தன் ஏட்டுக் கல்வி மரபாகவே ஏற்றுக்கொண்ட உருதுவில் 'தாலிம்' பரந்த பொருளைக் காத்துக்கொண்டது. ஏட்டுக் கல்விக்கு 'சிக்ஷணம்', 'வித்யை' முதலிய சொற்கள் முன்பே நிலைத்திருந்த மராத்தி, கன்னடம், தெலுங்கு ஆகியவற்றில் அது அவ்விடத்தைப் பெற இயலவில்லை. படை, மற்போர், நாடகம் ஆகிய உடற்பயிற்சிப் புலங்களில் அதற்கு இடம் கிடைத்தது. அரசவையும் படையும் அச்சொல்லைக் கொணர்ந்தமையால் அவை சார்ந்த பயிற்சிகளோடு அது ஒட்டிக்கொண்டது எனலாம். இதனைப் 'பொருள் இழிபு' எனக் கருதுவது பொருந்தாது. இடம் நோக்கிய பொருள் சுருக்கம் என்பதே பொருத்தம்.

4. கடல்வழி: ஆசிரியர் மாலுமி ஆனது

அதே வேர் தமிழுக்குக் கடல்வழியாகவும் வந்தது. ஆனால் அவ்வாறு வந்த சொல்லில் கல்வியின் சாயலை எவரும் காண்பதில்லை. 'மாலுமி' என்பதே அச்சொல். 'முஅல்லிம்' என்னும் அரபுச் சொல் இந்தியப் பெருங்கடலில் கப்பலுக்கு வழிகாட்டுபவரைக் குறித்தது. விண்மீன் நிலையும் காற்றின் போக்கும் அறிந்து பிறர்க்கு அறிவிப்பவர் என்பதால் அப்பெயர். மலாய் மொழியில் 'முஅலிம்' கப்பல் அதிகாரியைக் குறிக்கும். குசராத்திக் கடலோடிகளின் பெயரோடு 'மாலம்' என்பது பட்டமாக வரும். 1498இல் மாலிந்தியிலிருந்து வாஸ்கோட காமாவின் கப்பல்களுக்கு வழிகாட்டியவரைப் போர்ச்சுகீசிய வரலாற்றாசிரியர்கள் 'மலேமோ' என்று குறித்தனர். இலட்சத்தீவில் கடலோடிகளின் சமுதாயப் பிரிவுக்கு 'மால்மி' என்பது பெயர். தமிழிலும் மலையாளத்திலும் 'மாலுமி' இன்று பொதுச்சொல்.

இங்கு ஐயம் ஒன்று எழலாம். கடல்வழி வந்தமையால்தான் கல்விப் பொருள் இழக்கப்பட்டதா? அன்று என்பதற்குக் கிழக்காப்பிரிக்கக் கரை சான்றாகும். சுவாகிலி மொழியும் கடல்வழியாகவே அச்சொல்லைப் பெற்றது. அங்கு 'ம்வாலிமு' என்றால் ஆசிரியர். சொல்லின் முதல் எழுத்தைத் தம் மொழியின் ஒருமை முன்னொட்டாகக் கருதிய அம்மக்கள் பன்மைக்கு 'வாலிமு' என்று புதுவடிவமும் ஆக்கிக்கொண்டனர். தான்சானியாவின் முதல் குடியரசுத் தலைவர் சூலியசு நைரேரே அப்பெயராலேயே அழைக்கப்பட்டார். ஒரே வேரிலிருந்து ஒரே கடல்வழியில் சென்ற ஒரே சொல் ஆப்பிரிக்கக் கரையில் ஆசிரியராகவும் தமிழ், மலையாளக் கரைகளில் கடலோடியாகவும் ஆயிற்று. எனவே வழி மட்டும் பொருளை முடிவு செய்வதில்லை, இடமும் வேண்டும். தமிழ், மலையாளக் கரைகளில் ஆசிரியருக்கு உரிய இடம் காலியாக இல்லை. 'ஆசான்' அங்கே முன்பே அமர்ந்திருந்தார்.

5. எல்லை ஊர்களின் கல்விப் பொருட்புலம்

தென் திருவிதாங்கூரில் கல்வியைச் சூழ்ந்த பழஞ்சொற்களைத் தொகுத்து நோக்கின் 'தாலிம்' நுழையாமைக்குக் காரணம் விளங்கும்.

முதலாவது சொல் 'களரி'. மலையாள வழக்கில் 'எழுத்துக்களரி' என்பது ஊரில் பிள்ளைகள் எழுத்துக் கற்ற இடம். 'பயற்றுக்களரி' என்பது போர்ப்பயிற்சி பெற்ற இடம். இரண்டையும் நடத்தியவருக்கு 'ஆசான்' என்பதே பெயர். குமரி மாவட்டத்தில் அடிமுறையும் வர்மமும் கற்பிப்பவர் இன்றும் ஆசான் எனப்படுகிறார். தக்காண மொழிகளில் 'தாலிம்' பெற்ற பொருளையும், உருதுவில் அது பெற்ற பொருளையும் சேர்த்து ஒரே சொல்லில் அடக்கியிருந்தது களரி. மல்லர் கூடமும் பள்ளிக்கூடமும் ஒரு சொல்லுக்குள் அமைந்த நிலத்தில் அவ்விரண்டையும் குறிக்க வந்த அயற்சொல்லுக்கு வேலை இல்லை.

இரண்டாவது சொல் 'ஓத்து'. தொல்காப்பியம் நூலின் உட்பிரிவைக் குறிக்கவும், திருக்குறள் மறையைக் குறிக்கவும் இச்சொல்லை ஆள்கின்றன. நம்பூதிரிகளின் வேதம் ஓதுதல் மலையாளத்தில் 'ஓத்து'. சைவத் திருக்கோயிலில் திருமுறை பாடுபவர் தமிழில் 'ஓதுவார்'. கேரள முசுலிம்கள் திருக்குர்ஆன் கற்ற பழைய பள்ளி 'ஓத்துப்பள்ளி'. தமிழ் முசுலிம்களும் குர்ஆனை 'ஓதுகின்றனர்'. நோன்பு, பெருநாள், பள்ளி, ஓதுதல் ஆகிய சொற்கள் இரு மொழி முசுலிம்களிடையே பொதுவாக உள்ளமை கருதத்தக்கது. வட இந்திய முசுலிம்கள் நோன்பைப் பாரசீகச் சொல்லால் 'ரோசா' என்று வழங்க, அரபு நாட்டோடு நேரடித் தொடர்புடைய தென்கரையினர் தம் தாய்மொழிச் சொல்லையே வழங்கினர். கேரளத்தில் 1951இல் மதரசாக் கல்விக்கென அமைந்த சமசுத வாரியம் தன் பெயரில் 'மத வித்யாப்யாசம்' என்றே கொண்டது. அரபு கற்பிக்கும் அமைப்பே அரபுச் சொல்லை நாடாது நாட்டுமொழியில் நிலைத்த வடசொல்லை ஏற்றது. அரபைக் கற்பிக்க அரபுச் சொல்தான் வேண்டும் என்னும் எண்ணம் அங்கே தோன்றவில்லை.

இதனால் எல்லைப்பகுதி பிறமொழிச் சொற்களை விலக்கிய தூய நிலம் என்று கொள்ளலாகாது. அரபில் தோன்றிய சொற்கள் அதன் பள்ளிகளுக்குள்ளேயே உள்ளன. கேரளப் பள்ளிகளில் மாணவர் வருகையைக் குறிக்கும் சொல் 'ஹாஜர்'. மொழியாசிரியரைக் குறிக்க நெடுங்காலம் வழங்கிய சொல் 'முன்ஷி'. இரண்டும் அரபு மூலத்தன. இவை கடல்வழி வந்தவை அல்ல. ஆட்சி அலுவலகத்தின் வழி வந்தவை. இதற்கு ஒலிச்சான்று உண்டு. அரபின் 'ளாது' என்னும் எழுத்தொலியைப் பாரசீகமும் உருதுவும் 'ஸ' போன்ற ஒலிப்புடைய உரசொலியாக ஒலிக்க, இந்திய மொழிகள் பல அதனை 'ஜ' ஆக்கின. நேரடியாக அரபு கற்ற தென்கரையினரோ அவ்வொலியை ளகர ழகரச் சாயலில் ஒலித்தனர். 'ரம்ஜான்' என்பது நிலவழி வடிவம். 'ரமளான்', 'ரமழான்' என்பன கடல்வழி வடிவங்கள். 'ஹாஜர்' என்னும் சொல்லிலும் மூல ஒலி அதே எழுத்துக்குரியது. அது 'ஜ' கொண்டு அமைந்திருப்பதே அச்சொல் கச்சேரியின் வழி வந்தது என்பதைக் காட்டும். எழுத்தரைக் குறித்த 'முன்ஷி' பள்ளிக்குள் நுழைந்து மொழியாசிரியர் ஆனதும் அலுவலகத்தின் வழியே ஆகும்.

பதிவேட்டில் பெயர் குறிக்கும் அலுவல் முறை திருவிதாங்கூர்ப் பள்ளிகளுக்குப் புதிது. அதற்குரிய சொல் களரியில் இல்லை. காலியான அவ்விடத்தில் 'ஹாஜர்' அமர்ந்தது. 1956க்குப் பின் விளவங்கோட்டுப் பள்ளிகள் தமிழ் ஆட்சிமொழியின் கீழ் வந்தன. சென்னை மாநில ஆட்சிமொழிச் சட்டமும் அதே ஆண்டில் இயற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 'ஆஜர்' வழக்குமன்றத்தில் நிற்க, பள்ளியில் 'வருகைப் பதிவேடு' வந்தது. பிள்ளைகள் 'உள்ளேன் ஐயா' என்றனர். பாறசாலையில் வகுப்பறைச் சொல்லாக உள்ளது களியக்காவிளையில் வழக்குமன்றச் சொல்லாக உள்ளது. 'பள்ளி' என்னும் சொல்லும் இவ்வாறே. மலையாள எழுத்துவழக்கில் அது தேவாலயத்தையோ மசூதியையோ குறிக்க, தமிழ்ப் பெயர்ப்பலகையில் அது கல்விக்கூடத்தைக் குறிக்கிறது. எல்லையைக் கடக்கும் மொழிபெயர்ப்பாளர் இவ்விரண்டு சொற்களிலேயே தடுக்கி விழக்கூடும்.

6. நயி தாலிம்: ஒரு மொழிபெயர்ப்புப் பிழை

இருபதாம் நூற்றாண்டில் 'தாலிம்' மூன்றாவது வழியில் தமிழகத்தை அடைந்தது. 1937 அக்டோபர் 22, 23 ஆகிய நாள்களில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவாகக் கொண்ட கல்வித்திட்டத்தை முன்வைத்தார். அதனை வகுக்கச் சாகிர் உசேன் தலைமையில் குழு அமைந்தது. யாழ்ப்பாணத் தமிழரான ஆரியநாயகமும் தமிழரான ஜே. சி. குமரப்பாவும் அக்குழுவில் இடம்பெற்றனர். பின்னர்ச் சேவாகிராமத்தில் இந்துசுத்தானித் தாலிமி சங்கம் தோன்றியது. அதன் செயலாளராக நெடுங்காலம் பணியாற்றியவர் ஆரியநாயகம். இத்திட்டத்தோடு நெய்யாற்றின்கரைக்கு நேரான உறவும் உண்டு. அவ்வூரைச் சேர்ந்த காந்தியர் ஜி. ராமச்சந்திரன் (1904–1995) 1947இல் டி. எஸ். சௌந்தரம் அம்மையாருடன் இணைந்து சின்னாளப்பட்டிக்கு அருகில் காந்திகிராமத்தை நிறுவினார். நடுவண் அரசு 1950களில் இக்கல்வியை மதிப்பிட அமைத்த குழுவுக்கும் அவரே தலைமை ஏற்றார்.

காந்தியடிகள் இத்திட்டத்தை 'நயி தாலிம்' என்றார். சாகிர் உசேன் குழுவின் ஆங்கில அறிக்கை 'பேசிக்' என்னும் அடைமொழியை வழங்கியது. வடநாட்டில் அது 'புனியாதி' என்றாயிற்று. தமிழில் 'ஆதாரக் கல்வி' என்றும், மலையாளத்தில் 'அடிஸ்தான வித்யாப்யாசம்' என்றும் கடன்மொழிபெயர்ப்புகள் தோன்றின. இவை தம்மளவில் செம்மையான ஆக்கங்களே. பிழை இவற்றில் இல்லை. 'நயி தாலிம்' என வரும் இடங்களிலெல்லாம் 'ஆதாரக் கல்வி' என்று எழுதும் வழக்கத்தில் உள்ளது.

1937இல் இரு பெயர்களும் ஒரே பொருளைக் குறித்தன என்பது உண்மை. ஏழு வயது முதல் பதினான்கு வயது வரையிலான பிள்ளைகளின் கல்வியே அப்போது பேசப்பட்டது. ஆனால் 1945இல் சேவாகிராமத்தில் கூடிய மாநாட்டில் 'நயி தாலிம்' வாழ்நாள் முழுவதற்குமான கல்வியாக விரிந்தது. ஆதாரநிலைக்கு முந்திய மழலையர் கல்வி, ஆதாரக் கல்வி, அதற்கு மேற்பட்ட கல்வி, முதியோர் கல்வி ஆகிய நான்கும் அதன் உறுப்புகள் ஆயின. அந்நாள் முதல் 'ஆதாரக் கல்வி' நயி தாலிமின் ஓர் உறுப்பு. அதன் மறுபெயர் அன்று. முழுமைக்கு உறுப்பின் பெயரைத் தரும் மொழிபெயர்ப்பு, முதியோர் கல்வியைப் பேசும் பகுதியில் பிள்ளைகளின் தொடக்கப்பள்ளியைப் படிப்போர் மனத்தில் நிறுத்துகிறது.

இரண்டாவது இழப்பு பொருள் சார்ந்தது. இந்துசுத்தானியில் 'தாலிம்' என்னும் சொல் இசையாசிரியரின் முன் அமர்ந்து குரலைப் பழக்குவதையும் மல்லர் கூடத்தில் உடலைப் பழக்குவதையும் நினைவூட்டுவது. கையால் நூற்றும் உழுதும் கற்கும் திட்டத்திற்கு அச்சொல் பொருந்தியது. தமிழ்க் 'கல்வி' எண்ணும் எழுத்தும் சார்ந்த மரபுப் பெருமையுடையது. 'ஆதாரக் கல்வி' என்னும் தொடரில் கையின் தொழில் மறைந்து அடித்தளம் என்னும் கருத்து மட்டும் எஞ்சியது. மலையாளத்தின் 'அப்யாசம்' உடற்பயிற்சியையும் வித்தைகாட்டலையும் குறிப்பதால், 'வித்யாப்யாசம்' இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்தது எனலாம். தமிழிலும் 'தேகாப்பியாசம்', 'வித்தியாப்பியாசம்' ஆகியன முன்பு வழங்கியவையே. அவை மறைந்தபின் அவ்விடத்திற்குத் தமிழில் எஞ்சிய சொல் 'பயிற்சி' ஆகும்.

பெயரிடலின் விளைவு சொல்லாராய்ச்சியோடு நிற்பதில்லை. 1953இல் சென்னை மாநிலத்தில் இராசாசி அரசு கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் பள்ளி நேரத்தைக் குறைத்து, எஞ்சிய பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வழிசெய்தது. அதனை எதிர்த்தோர் 'குலக்கல்வி' என்று பெயரிட்டனர். பெற்றோர் தொழிலைப் பிள்ளைமேல் சுமத்தும் ஆபத்தை அப்பெயர் ஒரே சொல்லில் காட்டியது. 1954இல் காமராசர் ஆட்சியில் அத்திட்டம் கைவிடப்பட்டது. கைத்தொழிலையும் கல்வியையும் இணைக்கும் எந்தத் திட்டமும் அதன்பின் தமிழில் அப்பெயரின் நிழலிலேயே நோக்கப்பட்டது. நெய்யாற்றின்கரையும் விளவங்கோடும் அக்காலத்தில் திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தமையால் அத்திட்டம் அவற்றின் பள்ளிகளுக்கு வரவில்லை. எனவே ஒரே காந்திய எழுத்தைத் தமிழாக்குபவரும் மலையாளத்தில் ஆக்குபவரும் வெவ்வேறு நினைவுகளை உடைய வாசகர்க்கு எழுதுகின்றனர் என்பதை மறத்தலாகாது. பிள்ளைக்கு விருப்பமான தொழிலையும் பிறப்பால் வந்த தொழிலையும் வேறுபடுத்தும் சொல்லைத் தேர்வது மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பு.

7. தாலிமும் தஃலீமும்

இன்றைய தமிழ் முசுலிம் எழுத்துகளில் இதே சொல் 'தஃலீம்' என்னும் வடிவிலும் காணப்படுகிறது. பள்ளிவாசலில் தொழுகைக்குப் பின் கூடிச் சமயநூல் படிக்கும் அமர்வை அது குறிக்கும். அரபின் 'ஐன்' ஒலியைக் காட்ட ஆய்தம் இங்கே பயன்படுகிறது. 'தஃவா', 'ஷஃபான்' முதலியவற்றிலும் இம்முறை உண்டு. மலையாளம் அகரத்தின்மேல் சந்திரக்கலை இட்டு அதே பணியைச் செய்கிறது. இந்தோனேசிய மொழி ககரத்தால் 'தக்லிம்' என எழுதுகிறது.

'தாலிம்', 'தஃலீம்' ஆகிய இரண்டும் தமிழில் ஒரே சொல்லின் இரு வடிவங்கள். நெடில் கொண்ட வடிவம் பாரசீகம், இந்துசுத்தானி வழியைக் காட்டுகிறது. ஆய்தம் கொண்ட வடிவம் அரபு எழுத்தை நோக்கிய புதிய வழியைக் காட்டுகிறது. முன்னது காந்தியத்தையும், பின்னது சமய அமர்வையும் சார்ந்தது. எழுத்துமுறையை ஒருமைப்படுத்தும் ஆர்வத்தில் இவற்றுள் ஒன்றை நீக்கினால் பொருள் வேறுபாடும் உடன் நீங்கும். 'ரம்ஜான்', 'ரமளான்' ஆகியவற்றைப் போல இவையும் தனித்தனிப் பதிவுகளாக அகராதியில் இடம்பெறத் தக்கவை.

8. முடிவுரை

ஒரு வேரிலிருந்து பிறந்த சொற்கள் மல்லர் கூடமாகவும், நாடக ஒத்திகையாகவும், அணிவகுப்பாகவும், கப்பலோட்டியாகவும், குடியரசுத் தலைவரின் பட்டமாகவும் ஆயின. வேரைக் கொண்டு இவற்றுள் எதனையும் முன்கூட்டி உரைக்க இயலாது. வழியையும் இடத்தையும் அறிந்தால் அனைத்தும் விளங்குகின்றன. நெய்யாற்றின்கரை எல்லையில் 'தாலிம்' இல்லாமைக்கு அயற்சொல் வெறுப்பு காரணம் அன்று; களரியும் ஓத்தும் ஆசானும் அங்கே தம் பணியைச் செய்துகொண்டிருந்தமையே காரணம். 'ஹாஜர்' அங்கே உள்ளமைக்கு அரபுப் பற்று காரணம் அன்று. பதிவேட்டுக்குரிய சொல் இல்லாமையே காரணம்.

இதிலிருந்து அகராதி ஆக்குவோர்க்கும் மொழிபெயர்ப்போர்க்கும் மூன்று செய்திகள் பெறப்படும். முதலாவது, கடன்சொல் பதிவில் மூலமொழியோடு இடைமொழியும் புலமும் குறிக்கப்பட வேண்டும். 'மாலுமி', 'ஹாஜர்', 'தஃலீம்' ஆகிய மூன்றையும் 'அரபு' என்னும் ஒரே குறிப்பின்கீழ் வைப்பது மூன்று வரலாறுகளை அழிப்பதாகும். இரண்டாவது, திட்டம் முழுவதையும் குறிக்கும் இடத்தில் 'நயி தாலிம்' என்றே எழுதி, ஏழு முதல் பதினான்கு வயது வரையிலான நிலைக்கு மட்டும் 'ஆதாரக் கல்வி' என்பதை வழங்குதல் தகும். மூன்றாவது, கேரளத்தில் தமிழ்வழிப் பாடநூல் ஆக்குவோர் மலையாளச் சொல்லை அப்படியே எழுத்துப்பெயர்ப்பதும், தமிழ்நாட்டுச் சொல்லை ஆராயாது பெயர்த்து நடுவதும் ஒருசேரத் தவிர்க்கத்தக்கன. பாறசாலையில் தமிழ் படிக்கும் பிள்ளைக்கு 'ஹாஜர்' தன் வகுப்பறைச் சொல்; 'வருகைப் பதிவேடு' பாடநூலில் மட்டும் காணும் சொல். இரண்டையும் அருகருகே தந்து, எல்லையின் இருபுறத்திலும் அவை எப்பொருளில் வழங்குகின்றன என்று காட்டும் பாடநூலே அப்பிள்ளைக்கு இரு மொழியையும் உரிமையாக்கும்.

சொல்லின் பிறப்பிடம் கொண்டு அதனை ஒரு சமுதாயத்தின் உடைமை என்று முத்திரையிடும் வழக்கத்திற்கும் இவ்வாய்வு மறுப்பாக அமையும். கரையோரத்து முசுலிம் 'ஓதுதல்' என்கிறார். காந்தியர் 'தாலிம்' என்கிறார். கேரளத்தின் ஆசிரியர் எச்சமயத்தவராயினும் 'ஹாஜர்' எடுக்கிறார். மக்கள் சொல்லின் பிறப்பை வினவி அதனை ஏற்பதில்லை. தமக்குத் தேவையான இடத்தில் அது நிற்குமா என்றே நோக்குகின்றனர். கடன்சொல் ஆய்வும் அந்நோக்கையே தன் அளவுகோலாகக் கொள்ளுதல் வேண்டும்.